எரிந்த பைன் மலையை மறுபடி நடுகிறவர்களுக்கு

"மச்சான், இருபத்துநாலு ஹெக்டேருக்கு எத்தனை கன்று வேணும்? அதை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

சிட்னியில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்காரர் 2023 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டது இது. நியூ சவுத் வேல்ஸில் டம்பரம்பாவுக்குப் பக்கத்தில் அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு காணி வாங்கியிருந்தார்கள். அதில் 24 ஹெக்டேர் பழைய பைன் தோட்டம். 2020 ஜனவரித் தீயில் முழுவதும் எரிந்து, பழைய சொந்தக்காரர் அப்படியே விட்டுவிட்டுப் போனது. மீதி மேய்ச்சல் நிலம்.

கணக்கு சுலபம். வரிசைக்கு வரிசை 4 மீட்டர், கன்றுக்குக் கன்று 2.5 மீட்டர். ஒரு கன்றுக்கு 10 சதுர மீட்டர், ஹெக்டேருக்கு 1,000 கன்று. ஆக 24,000. அதைச் சொல்லிவிட்டு, "இந்த எண்ணை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, எழுதி அனுப்புறேன்" என்றேன். எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. அவரைப் போலக் காணி வாங்கியவர்களும், குளிர்காலத்தில் நடவு வேலைக்கு இந்தப் பக்கம் வருகிற நம் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே தருகிறேன்.

2013 முதல் டியூமட் பக்கத்து மலைகளில் பைன் நடுகிறேன். இப்போது ஒன்பது பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். பிறந்தது இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா கொழுந்து எடுத்தார். நிறுவையில் கணக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் கூலி. எண்ணிக்கையைப் பார்த்துக் கூலி கொடுக்கிற இடத்தில் கை எப்படி ஓடும் என்று சின்ன வயதிலேயே பார்த்தவன் நான். இங்கே பைன் நடவிலும் கன்றுக்கு இத்தனை காசு என்றுதான் கூலி. அதனால் "எத்தனை நட்டீர்கள்" என்று யாராவது கேட்டால், "இரண்டாவது கோடை முடிந்து எத்தனை நிற்கிறது என்று கேளுங்கள்" என்பேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

நடலாமா என்பதே முதல் கேள்வி

இங்கே தோட்டமாக வளர்ப்பது ரேடியாட்டா பைன். யூகலிப்டஸ் கருகி நின்றாலும் சில வாரங்களில் தண்டிலிருந்தே துளிர் விடும். பைன் அப்படி அல்ல. தலையில் உள்ள ஊசியிலை எல்லாம் கருகிவிட்டால் மரம் போய்விட்டது, வேரிலிருந்து திரும்ப வராது. அடிப்பட்டை மட்டும் சுட்டு, மேலே பச்சை இருந்தால் பிழைக்கலாம். ஆனால் அதற்குள் பட்டைவண்டு வந்துவிடுகிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். பட்டையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் செம்பழுப்பு மரத்தூளும் தெரிந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எரிந்ததை எல்லாம் மறுபடி பைனாக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. கன்பெராவில் 2003 ஜனவரி 18 தீ அந்தப் பிரதேசத்துப் பைன் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. கோட்டர் அணைக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புச் சரிவுகளில் அரசாங்கம் முதலில் பைனையே மறுபடி நட்டது. மண் கரைந்து குடிநீருக்குள் இறங்கத் தொடங்கிய பிறகு முடிவை மாற்றி, அங்கே நாட்டு மரங்களை வளர விட்டார்கள். நகரத்துக்கு அருகே எரிந்த இன்னொரு பைன் மலையில் இன்று தேசிய மரத்தோட்டம் இருக்கிறது. 2020-ல் கங்காரு தீவில் எரிந்த நீலகம் (ஒருவகை யூகலிப்டஸ்) தோட்டங்களின் உரிமையாளர்கள் அந்த நிலத்தை மறுபடி விவசாயத்துக்குத் திருப்ப முடிவு செய்தார்கள். உங்கள் காணியில் ஓடைக்கரை, செங்குத்துச் சரிவு, லாரி ஏற முடியாத மூலை என்று எவை உண்டோ, அவற்றை வரைபடத்தில் முதலிலேயே கோடு போட்டு ஒதுக்குங்கள். மச்சானின் 24 ஹெக்டேரில் அப்படி 3 ஹெக்டேர் போனது. 24,000 கன்று அப்போதே 21,000 ஆயிற்று.

எரிந்த மரத்துக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது

மச்சானின் மரங்களுக்கு இது பொருந்தாது, காலம் கடந்துவிட்டது. நாளைக்கே தீ வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

2019 டிசம்பர் 28 அன்று மின்னலில் தொடங்கிய டன்ஸ் ரோட் தீ ஒரு வாரத்தில் பட்லோ ஊருக்குள் வந்தது. அணையும்போது மூன்று லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்திருந்தது. 1928-ல் நட்ட, கோயில் தூண் மாதிரி நின்ற சுகர் பைன் வரிசை லாரல் ஹில் பக்கத்தில் இருந்தது. கல்யாணப் படம் எடுக்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். அதுவும் போயிற்று. அந்தக் கோடையில் மாநில அரசின் வனக் கழகத்துக்குச் சொந்தமான பைன் தோட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி எரிந்தது.

எரிந்த மரத்தின் பட்டைதான் கரி. உள்ளே மரம் நன்றாகவே இருக்கும், பலகைக்கு ஆகும். ஆனால் வண்டு உள்ளே போகும்போது நீலக்கறைப் பூஞ்சையையும் கூடவே கொண்டுபோகிறது. ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடம். அதற்குள் வெட்டாத மரம் காய்ந்து வெடித்து விலையில்லாமல் போகும். வெட்டிய மரத்தைக் குவித்து இரவும் பகலும் தண்ணீர் தெளித்து நனைத்தே வைத்தால் இன்னும் நெடுநாள் தாங்கும். 1983 பிப்ரவரி 16, சாம்பல் புதன் தீக்குப் பிறகு தென் அவுஸ்திரேலியாவில் எரிந்த பைன் மரங்களை வெட்டிப் பொன்னி ஏரிக்குள்ளேயே அமிழ்த்தி வைத்தார்கள், ஆலைகள் மெதுவாக எடுத்து அறுக்கட்டும் என்று.

சிறிய தோட்டக்காரருக்கு இதில் உள்ள கஷ்டம், எல்லோருடைய மரமும் ஒரே நாளில் விற்பனைக்கு வருவது. வெட்டும் இயந்திரமும் லாரியும் பெரிய தோட்டங்களுக்கே போதாது. ஆகவே தீ அணைந்த வாரமே வெட்டுக் குத்தகைக்காரரிடமும் ஆலையிடமும் பேசிவிட வேண்டும். பட்டையைச் சுத்தமாக உரித்துத் தருவீர்களா என்பதுதான் காகித ஆலை கேட்கிற முதல் கேள்வி. கரி கலந்த மரச்சில்லைக் கூழாக்க முடியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குக் குறைந்த மரத்துக்கு விலையே இல்லை. அதைச் சாய்த்து நசுக்கி நிலத்தோடு விட வேண்டியதுதான்.

தானாக முளைத்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள்

மச்சானோடு முதல் தடவை காணிக்குப் போனபோது அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். "பாருங்க மச்சான், கடவுளே நட்டு வச்சிருக்காரு!" மூன்று வருடத்தில் மலை முழுவதும் இடுப்பளவு, நெஞ்சளவு பைன். கை வைத்து விலக்க முடியாத நெருக்கம்.

ரேடியாட்டா பைனின் காய் பிசினால் ஒட்டி மூடியிருக்கும். தீயின் சூட்டில் அந்தப் பிசின் உருகி, காய் திறந்து, விதை சாம்பல் மேல் கொட்டும். பச்சை மிளகாய்ப் பாத்தி மாதிரி முளைக்கும். நான் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டி எண்ணிக் காட்டினேன், 14 செடி இருந்தது. ஹெக்டேருக்கு ஆயிரம் வேண்டிய இடத்தில் லட்சத்துக்கு மேல். அவை ஒன்றையொன்று நெரித்து மெலிந்து வளரும். பலகைக்கு ஆகாது, அடுத்த தீக்கு நல்ல விறகு. அதைவிட, நாற்றுமேடையில் இருந்து வருகிற கன்று பல தலைமுறையாக நேரான தண்டு, மெல்லிய கிளை, வேகம் என்று தேர்ந்தெடுத்த மரங்களின் விதை. தானாக முளைத்தது அப்படிப்பட்டது அல்ல.

இதை அழிக்காமல் நட்டால் நட்டது தெரியாமலே போகும். முளைத்து ஒன்றிரண்டு வருடத்துக்குள் என்றால் களைக்கொல்லியிலும் உருளையிலும் வேலை முடியும். மூன்று வருடம் விட்டதால் இவருக்கு நசுக்கும் இயந்திரம் கொண்டுவர வேண்டியதாயிற்று. முழு வேலையிலும் அதிகச் செலவு அதற்குத்தான் ஆனது.

ஒரு எச்சரிக்கை. எரிந்த தோட்டத்துக்குள் காலடி பார்த்து நடங்கள். அடிக்கட்டையின் வேர் மண்ணுக்குள்ளேயே மாதக் கணக்காகப் புகைந்து, வேர் இருந்த இடம் குழாய் மாதிரி வெறும் பொந்தாக இருக்கும். மேலே சாம்பலும் ஊசியும் மூடி, தரை மாதிரியே தெரியும். என் குழுவில் ஒரு தம்பி 2021-ல் முழங்கால் வரை அதற்குள் இறங்கி, முட்டி திருகி, அந்தக் குளிர்காலம் முழுக்க வேலைக்கு வரவில்லை. செத்து நிற்கும் மரத்தின் கீழே சாப்பிட உட்காராதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் முறிந்து விழும்.

மண், சாம்பல், முட்பழம்

கடும் தீக்குப் பிறகு மண்ணின் மேல் தோல் மெழுகு பூசினது மாதிரி ஆகிவிடும். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், உறிஞ்சாமல் உருண்டு ஓடும். அந்த நிலையில் மலையை மேலிருந்து கீழாக உழுதால் முதல் பெருமழையில் மண் ஓடைக்குப் போய்விடும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சரிவுக்குக் குறுக்கேதான் கான் (வடிகால்) வெட்டுவார்கள், காரணம் அதேதான். நசுக்கிய மரக்கழிவையும் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போடுங்கள். அதைக் குவித்து எரிக்கச் சொல்பவர்கள் உண்டு. எரிந்த மண்ணில் மிஞ்சியிருக்கும் சத்தே அந்தக் கழிவில்தான். அதையும் எரித்துவிட்டுப் பிறகு உரம் வாங்குவது எனக்கு மனம் ஒப்பாத வேலை.

மண் இறுகிக் கிடந்தால் கோடை முடிவில், மண் காய்ந்திருக்கும்போதே ஆழ உழுது, நடவுக்கு முன் சில மாதம் அடங்க விடுங்கள். நடும்போது உழுத கோட்டின் நடுவே நடாமல் ஒரு சாண் தள்ளி ஓரத்தில் நடுங்கள். நடுவில் அடியில் காற்றுப்பை இருக்கும், வேர் அந்தரத்தில் தொங்கும்.

களை விஷயத்தில்தான் பலர் தோற்கிறார்கள். தீக்குப் பிறகு இந்த மலைகளில் முதலில் எழும்புவது பிளாக்பெரி முட்புதர். பழத்துக்கு ஆசைப்பட்டு ஒரு மூலையில் விட்டாலும் இரண்டே வருடத்தில் கன்றை மூடிவிடும். நடவுக்கு முந்திய கோடையிலோ இலையுதிர் காலத்திலோ, அது பச்சையாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே மருந்தடித்து வேரோடு கொல்ல வேண்டும். மண்ணில் தங்கி வேலை செய்கிற வகை மருந்தை எரிந்த நிலத்தில் அடிக்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கரி அந்த மருந்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், களைக்குப் போய்ச் சேராது. மற்ற மலையில் பலித்த அளவு இங்கே பலிக்கவில்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான். சாம்பல் ஒரு மழைக்காலம் கழுவப்பட்ட பிறகு அடியுங்கள். அடிப்பவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், ஓடையிலிருந்து தள்ளியே அடிக்கச் சொல்லுங்கள்.

கன்று சொல்லிவைப்பது

நடவு, இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அந்தக் கன்றுக்கான விதை முந்திய வசந்தத்திலேயே பாத்தியில் விழுந்திருக்க வேண்டும். ஆகவே ஜூலையில் நட நினைத்தால் முந்திய ஆண்டு ஆகஸ்டுக்குள் சொல்லி முன்பணம் கட்டியிருக்க வேண்டும். மே மாதம் போன் செய்து, "மிச்சம் கன்று இருக்கா" என்று கேட்டால் கிடைப்பது மற்றவர்கள் கழித்துப் போட்ட கன்றுதான்.

2020-க்குப் பிறகு முழு மாநிலத்துக்கும் முட்டுக்கட்டையாக இருந்தது இதுதான். நிலம் இருந்தது, ஆள் இருந்தது, கன்று இல்லை. வழக்கமாக ஒவ்வோர் ஆண்டும் வெட்டிய நிலத்துக்கு மட்டும் கன்று வளர்த்த நாற்றுமேடைகள் திடீரெனப் பல மடங்கு நிலத்துக்கு எங்கே போகும்? அந்த ஆண்டு மாநில அரசு தன் வனக் கழகத்துக்குக் கொடுத்த 4.6 கோடி டாலரில் ஒரு பகுதி, டியூமட்டுக்குப் பக்கத்தில் உள்ள பிளவரிங் நாற்றுமேடையையும் வடக்கே கிராப்டனில் உள்ளதையும் பெரிதாக்கவே போனது. மற்றது தோட்டத்துச் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் மறுநடவுக்கும். அதன் பிறகுதான் ஒரு குளிர்காலத்தில் ஒரு கோடிக்கு மேல் கன்று நட முடிந்தது. செய்தியில் அந்த ஒரு கோடியைத்தான் எல்லோரும் சொன்னார்கள். நாற்றுமேடைக்குப் போன பணத்தை நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் அது இல்லாமல் மற்ற எந்தப் பணமும் மலையில் மரமாக மாறியிருக்காது.

கன்று வந்து இறங்கியதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். உயரம் ஒரு சாணுக்கு மேல். தண்டு, வேர் தொடங்கும் கழுத்தில் பென்சில் பருமனுக்குச் சற்றுக் குறைவு, தொட்டால் விறைப்பாக நிற்க வேண்டும். உயரமாக, வெளிர்ப்பச்சையாக, வளைந்துகொடுக்கிற கன்று பார்க்க அழகாக இருக்கும், முதல் உறைபனியில் படுத்துவிடும். வேர் நுனிகளில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். அழுகல் என்று நினைத்து என் முதல் வருடத்தில் ஒரு பெட்டியையே ஒதுக்கி வைத்தேன். அது பைனோடு சேர்ந்து வாழும் பூஞ்சை. மண்ணிலிருந்து சத்தை இழுத்துக் கொடுப்பதே அதுதான். அது இல்லாத வேரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வேர் காயவே கூடாது. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. 2016-ல் ஒரு குத்தகைக்காரரிடம் வேலை செய்தபோது, மூவாயிரம் கன்று உள்ள பெட்டிகளை மூடியில்லாமல் வண்டியின் பின்னால் ஏற்றி, வெயிலிலும் காற்றிலும் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு யாரோ ஒருவரைக் கூட்டிவரப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் மேலடுக்கின் வேர் உலர்ந்து நூல் மாதிரி கையில் முறிகிறது. "தண்ணி தெளிச்சு நடுங்க, கணக்கு வேணும்" என்றார் மேற்பார்வையாளர். நட்டோம். கூலியும் வந்தது. ஊசி பச்சையாகத்தான் இருந்தது, செப்டம்பர் வரை பச்சையாகவே இருந்தது. டிசம்பரில் அந்தப் பக்கமாகப் போனேன். ஒரு சரிவு முழுக்கச் செங்கல் நிறம். அன்று முதல் என் வண்டியில் ஈரச் சாக்கு இல்லாமல் கன்றுப் பெட்டி ஏறியதில்லை.

கையால் நடுவது

நடவு ஸ்பேடை முழு அலகும் இறங்கும்படி மிதியுங்கள். முன்னும் பின்னும் ஒரு தடவை ஆட்டினால் பிளவு விழும். பையிலிருந்து ஒரே ஒரு கன்றை எடுங்கள். இரண்டாவது கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், அந்த ஒரு நிமிடக் காற்றே போதும் வேரைக் காயவைக்க. வேரைப் பிளவின் அடி வரை இறக்குங்கள். பிறகு இரண்டு விரலால் மெல்ல மேலே இழுங்கள், வேர்க்கழுத்து மண்மட்டத்துக்கு இரண்டு மூன்று விரல் கீழே வந்து நிற்கும்வரை. இந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. மடங்கியிருந்த வேர் நேராவது அப்போதுதான். பிறகு ஸ்பேடை ஒரு சாண் தள்ளி இறக்கி மண்ணைக் கன்றுப் பக்கம் நெருக்கி, குதிகாலால் மிதித்து மூடுங்கள்.

இழுக்காமல் விட்டால் வேர் தூண்டில் முள் மாதிரி மேல்நோக்கி வளைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. நான்கு வயதில் ஒரு பெருங்காற்றுக்குப் பிறகு பார்த்தால் மரம் சாய்ந்து கிடக்கும். அப்படிச் சாய்ந்த ஒன்றை ஒரு தடவை தோண்டி எடுத்து இன்றும் என் கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறேன். என் உயரத்துக்கு மேல் வளர்ந்த மரம். அடிவேர் பக்கவாட்டில் ஓடி, திரும்பி, தன்னையே சுற்றி இறுக்கியிருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகளின் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பேன். தடவிப் பார்த்தவன் இழுக்க மறப்பதில்லை.

சரியாக நட்டோமா என்று பார்க்க ஒரு வழி. கன்றின் தலையில் ஒரே ஒரு ஊசிக் கொத்தைப் பிடித்து இழுங்கள். கொத்து பிய்ந்து கையோடு வர வேண்டும். கன்று அசைந்தால் மண் இறுகவில்லை.

கழிவு அகற்றிய மலையில் கை பழகியவர் நாளுக்கு 1,500 நடுவார். கழிவும் கல்லும் கிடக்கும் எரிந்த சரிவில் 900 நட்டாலே நல்ல நாள். ஆள் அமர்த்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கூலி பேசுங்கள். சமதரையின் விலைக்கு எரிந்த மலையைப் பேசினால் வேர் வளையும்.

அரசாங்கப் பணம் யாருக்கு

மச்சான் இரண்டாவதாகக் கேட்டது இது. செய்தியில் வருகிற பணமெல்லாம் ஒரே பை அல்ல.

மாநில அரசு கொடுத்த அந்த 4.6 கோடி டாலர் அரசுத் தோட்டங்களுக்கு, தனியாருக்கு அல்ல. தீக்குப் பிறகு மத்திய அரசு ஒதுக்கிய 4 கோடி டாலர் மீட்பு நிதி மர ஆலைகளைப் போன்ற தொழில்களுக்கு. 2018-ல் மத்திய அரசு ஒரு பெரிய இலக்கு வைத்தது: நூறு கோடி மரம், அதாவது 2030-க்குள் நான்கு லட்சம் ஹெக்டேர் புதிய தோட்டம். வைத்த பிறகு நாட்டின் மொத்தத் தோட்டப் பரப்பு கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. தீ ஒரு காரணம், நீலகம் நிலங்கள் விவசாயத்துக்குத் திரும்பியது இன்னொன்று. நிலத்தின் விலை ஏறியதும், முப்பது வருடம் காத்திருக்க ஆளில்லாததும் பெரிய காரணங்கள் என்பது என் எண்ணம்.

இதன் பிறகு வந்ததுதான் தோட்டம் அமைப்பதற்கான மத்திய அரசின் மானியத் திட்டம். சுமார் 7.4 கோடி டாலர், 36,000 ஹெக்டேர் வரை நட, ஹெக்டேருக்கு 2,000 டாலர். இங்கேதான் கவனம் தேவை. அது புதிய தோட்டத்துக்கு. எரிந்த பைனை மறுபடி பைனாக்குவது புதிய தோட்டம் ஆகாது. ஆக மச்சானின் மேய்ச்சல் நிலத்தைத்தான் அந்தக் கண்ணோடு பார்க்கலாம், எரிந்த 24-ஐ அல்ல. அரசாங்கம் விரிவாக்கத்துக்கு மானியம் கொடுத்து, எரிந்த சிறு தோட்டக்காரரை அவர் கைப்பணத்தில் விடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எரிந்த நிலத்தில் சாலை இருக்கிறது, வேலி இருக்கிறது, ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. குறைந்த செலவில் மரம் திரும்பக்கூடிய இடம் அதுதான்.

விண்ணப்பிக்கும் முன் மூன்று காகிதம் கையில் வேண்டும்: ஓடையும் சரிவும் குறித்த வரைபடம், கன்று சொல்லிவைத்த சீட்டு, ஐந்து வருடத்துக்கான களைப் பராமரிப்புத் திட்டம். மூன்றாவது இல்லாமல் வருகிறவர்களே அதிகம். இன்னொன்று, நியூ சவுத் வேல்ஸில் தோட்டம் 30 ஹெக்டேரைத் தாண்டினால் 1999-ம் ஆண்டுத் தோட்டச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். 24-ஓடு மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்தால் தாண்டிவிடும். நட்ட பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

நட்ட பிறகு

நட்ட வருடத்து வசந்தத்தில் மறுபடி களை. கன்றைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது புல் இருக்கக்கூடாது, இரண்டு வருடத்துக்கு. முதல் கோடையில் கன்றைக் கொல்வது வெயில் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் பக்கத்துப் புல்தான் அதன் தண்ணீரைக் குடித்துக் கொல்கிறது.

முதல் மாதத்தில் வாரம் ஒரு தடவை நடந்து பாருங்கள். தண்டு கத்தியால் சாய்வாக வெட்டினது மாதிரி இருந்தால் முயல். பிய்த்தெடுத்த மாதிரி நாராக இருந்தால் வல்லபி (சிறிய கங்காரு வகை). இரண்டுக்கும் வேறு வேறு வழி பார்க்க வேண்டும். ஆடு மாட்டை மூன்று வருடமாவது விடாதீர்கள். தீயணைப்பு வண்டி போகும் தடத்தைக் கன்றுக்கு இடம் வேண்டுமென்று குறுக்காதீர்கள்.

பிறகு எண்ணிக்கை. 5.64 மீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டி, ஒரு முனையைக் குச்சியில் கட்டி நட்டு, மறுமுனையைப் பிடித்து ஒரு சுற்று வாருங்கள். அந்த வட்டம் சரியாக 100 சதுர மீட்டர். உள்ளே உயிரோடு நிற்கும் கன்றை நூறால் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு. நல்ல இடமாகப் பார்த்து வட்டம் போடாதீர்கள். வரைபடத்தில் முதலிலேயே புள்ளி வைத்துவிட்டு, அந்தப் புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே போங்கள்.

2024 ஜூலையில் மச்சானின் மலையில் நட்டோம். 2025 மார்ச்சில் கயிற்றோடு போனோம், நானும் அவரும் என் தங்கச்சி மகளும். மேல்சரிவில் வட்டத்துக்கு ஒன்பது, பத்து. ஓடைக்கு மேலே உறைபனி தேங்கும் பள்ளத்தில் மூன்று வட்டங்களில் நான்கு, மூன்று, நான்கு. மருமகள் நோட்டில் எழுதிக்கொண்டே, "மாமா, செத்ததையும் எழுதவா?" என்று கேட்டாள். எழுதச் சொன்னேன். பள்ளத்துக்கு 1,100 கன்று என்று கணக்குப் போட்டு, அன்று மாலையே நாற்றுமேடைக்குப் போன் செய்தோம். அந்த ஜூலைக்கு இல்லை, அடுத்த ஜூலைக்குத்தான் தர முடியும் என்றார்கள். மச்சான் முன்பணம் கட்டிவிட்டார்.